லங்காஸ்டர் மாடல் கிட்: பிளாஸ்டிக்கில் குறையில்லை, ஆட்களில்தான் குறை

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம். இரண்டாம் உலகப் போரில் பறந்த பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானம் லங்காஸ்டர், அதன் இந்த 1/72 அளவு (நிஜத்தில் 72இல் ஒரு பங்கு) கிட்டை வாங்கலாம். பாகங்கள் நன்றாகப் பொருந்துகின்றன, கட்டும் முறையைப் படம் போட்டுத் தெளிவாகக் காட்டியிருக்கிறார்கள், கொடுத்த காசுக்குச் சரியான பொருள். ஆனால் ஏழு பேர் பறந்த விமானத்துக்கு மூன்றே மூன்று பொம்மை ஆட்கள்தான் பெட்டியில் வருகிறார்கள், கூட இருக்கும் தாளில் இரண்டு தளபதிகளின் பெயரைத் தவிர வேறு ஒருவர் பெயரும் கிடையாது. எனக்கு மனசு ஆறாதது இதுதான். அதனால் இந்த விமர்சனத்தில் பாதி பிளாஸ்டிக்கைப் பற்றியும் பாதி அந்த ஆட்களைப் பற்றியும் இருக்கும், வெறும் கிட் விவரம் மட்டும் வேண்டும் என்பவர்கள் பெயின்ட் பற்றிய பத்திக்குப் போய்விடலாம்.

பெட்டிக்குள் பாகங்கள் ஒட்டியிருக்கும் சாம்பல் நிறச் சட்டங்கள், கண்ணாடிப் பாகங்களுக்குத் தனிச் சட்டம், விமானத்தின் மேல் ஒட்டும் எழுத்தும் சின்னமும் அச்சிட்ட டெக்கால் தாள், வரைபடப் புத்தகம். கட்டி முடித்தால் இறக்கை முனைக்கு முனை சுமார் 43 சென்டிமீட்டர், நீளம் 29க்குப் பக்கம், அதனால் வைக்க இடம் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு விதமாகக் கட்டலாம். ஒன்று, 1943 மே 16 இரவு ஜெர்மனியின் ரூர் பகுதி அணைகளை உடைக்கப் போன 617ஆம் ஸ்குவாட்ரன் (விமானப்படை அணி) விமானம், அடியில் தொங்கும் உருளைக் குண்டோடு. இன்னொன்று, 1942 ஏப்ரல் 17 அன்று பட்டப்பகலில் ஆக்ஸ்பர்க் நகரத்துக்குப் போன 44ஆம் ஸ்குவாட்ரன் விமானம், பக்கவாட்டில் கேஎம்-பி என்ற எழுத்துகளோடு. எல்லோரும் முதலாவதைத்தான் கட்டுவார்கள். பெட்டியின் மேல் படமும் அதுதான், அக்கா மகனும் அதைத்தான் கேட்டான். அணை உடைத்த கதை உலகம் அறிந்தது: 19 விமானம் போனது, 8 திரும்பவில்லை, 133 பேரில் 53 பேர் இறந்தார்கள், 3 பேர் பிடிபட்டார்கள். அந்தக் குண்டைப் பின்பக்கமாகச் சுழலவிட்டு, தண்ணீருக்கு மேல் 60 அடி உயரத்தில் பறந்து, அந்த உயரம் பிசகாமல் இருக்க விமானத்தின் அடியில் இரண்டு விளக்குகளைப் பொருத்தி அவற்றின் வெளிச்சம் தண்ணீர் மேல் ஒன்றுசேருகிறதா என்று பார்த்துப் பார்த்துப் போட்டார்கள். அவர்கள் தைரியத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் நான் கட்டியது இரண்டாவது விமானத்தை.

காரணம், ஆக்ஸ்பர்க் தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய ஜான் டெரிங் நெட்டில்டன் தென்னாப்பிரிக்காவில் நம் நேட்டாலில் பிறந்தவர். 1917இல், வடக்கே சூலூலாந்தின் நோங்கோமாவில். அப்புறம் கேப் டவுன் பக்கம் படிப்பு, ஜெனரல் போத்தா என்ற பயிற்சிக் கப்பல், கொஞ்ச காலம் வணிகக் கப்பல் வேலை, அதற்குப் பிறகு இன்ஜினியர் வேலை, 1938இல் இங்கிலாந்து விமானப்படை. ஆக்ஸ்பர்க்குக்குக் கிளம்பியபோது அவருக்கு வயது 24. அணைத் தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய கை கிப்ஸனுக்கும் அன்றைக்கு 24தான். இத்தனைக்கும் டர்பனில் எத்தனை பேருக்கு நெட்டில்டன் என்ற பெயர் தெரியும்? நான் கேட்ட இளவட்டங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

கட்டும் வேலை விமானத்தின் உள்பக்கத்தில் தொடங்குகிறது, இந்தக் கிட்டில் எனக்கு ரொம்பப் பிடித்த இடமும் அதுதான். முதலில் தரை, அதன் குறுக்கே இரண்டு இறக்கைகளையும் தாங்கும் பெரிய உத்தரம், அதற்கு முன்னால் வயர்லெஸ் ஆபரேட்டரின் மேஜை, வழி கணிக்கும் நேவிகேட்டரின் மேஜை, இடது பக்கம் பைலட்டின் இருக்கை, மூக்குக்குள் குண்டு போடுபவர் குப்புறப் படுக்கும் இடம். உத்தரத்தை ஒட்டிய பிறகுதான் ஒன்று புரிந்தது. பின்னாலிருந்து முன்னாலோ முன்னாலிருந்து பின்னாலோ போக வேண்டுமென்றால், தடித்த பறக்கும் உடையோடும் பாராசூட் கட்டோடும் இந்த உத்தரத்தின் மேல் ஏறி இறங்கித்தான் போக வேண்டும், அதுவும் இருட்டில், விமானம் குலுங்கும்போது. முன்னால் இருப்பவர்கள் குதிக்க வேண்டிய வழி, மூக்கின் அடியில் இருக்கும் ஒரு சின்னக் கதவு. வாலில் துப்பாக்கி சுடும் கன்னருக்கு இன்னும் மோசம், அவருடைய கூண்டுக்குள் பாராசூட் வைக்கவே இடம் கிடையாது, வெளியே விமானத்தின் உடம்புப் பகுதியில் மாட்டி வைத்திருப்பார்கள். தீப்பிடித்தால் கதவைத் திறந்து, கையை நீட்டி எடுத்து, மாட்டிக்கொண்டு, அப்புறம்தான் குதிக்க வேண்டும். எந்தப் புத்தகத்தையும் விட இந்த ஒட்டு வேலை எனக்கு இதைத் தெளிவாகக் காட்டியது. இத்தனைக்கும் ஆக்ஸ்பர்க்குக்குப் போனவர்கள் பறந்தது பெரும்பாலும் 100 அடிக்கும் கீழே, பாராசூட் இருந்தும் பயனில்லாத உயரம்.

இவ்வளவு நுணுக்கமாக இருக்கைகளைச் செய்தவர்கள் ஆட்களில் போய்க் கஞ்சத்தனம் பண்ணியிருக்கிறார்கள். பைலட் ஒருவர், மேல் கூண்டுக்கு ஒருவர், வாலுக்கு ஒருவர், அவ்வளவுதான். நேவிகேட்டர் இல்லை, வயர்லெஸ் ஆபரேட்டர் இல்லை, குண்டு போடுபவர் இல்லை. அந்தக் காலக்கட்டத்தில் பைலட்டுக்குப் பக்கத்தில் இரண்டாவது பைலட் ஒருவரும் போவது வழக்கம், நெட்டில்டனுக்குப் பக்கத்தில் இருந்தவர் ரொடீசியாவை (இன்றைய ஜிம்பாப்வே) சேர்ந்த பாட் டோர்ஹில். அவருக்கும் இங்கே ஆளில்லை. நான் என்ன செய்தேன் என்றால், ரயில் மாடல் கட்டுகிறவர்கள் ரயில் பெட்டிக்குள் உட்காரவைக்கும் 1/76 அளவுப் பயணிகள் பொம்மைகளை வாங்கி, கையை காலை வெட்டி ஒட்டி, பழுப்புச் சட்டையும் மஞ்சள் மிதவை அங்கியும் பெயின்ட் அடித்து, காலியாக இருந்த இடங்களில் உட்காரவைத்தேன். அளவு வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவில்லை. விமானத்தின் உடம்பை மூடிய பிறகு பாதிப் பேர் வெளியே தெரியவே மாட்டார்கள், அது எனக்கும் தெரியும், ஆனாலும் அவர்கள் உள்ளே இருக்க வேண்டும் என்று தோன்றியது.

ஆக்ஸ்பர்க்குக்கு அன்றைக்குப் போனது 12 விமானம். வாடிங்டனிலிருந்து 44ஆம் ஸ்குவாட்ரனின் ஆறு, வுட்ஹால் ஸ்பாவிலிருந்து 97ஆம் ஸ்குவாட்ரனின் ஆறு. மொத்தம் 85 பேர். இலக்கு ஆக்ஸ்பர்க்கில் இருந்த எம்.ஏ.என் தொழிற்சாலை, நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு டீசல் இன்ஜின் செய்த இடம். அட்லாண்டிக்கில் கப்பல்கள் வரிசையாக மூழ்கிக்கொண்டிருந்த நேரம் அது. லங்காஸ்டர் அப்போது போரில் இறங்கிச் சில வாரங்களே ஆகியிருந்த புது விமானம். போக வர 1,000 மைலுக்கு மேல், அதில் பெரும்பகுதி எதிரி நாட்டுக்கு மேலே, பகல் வெளிச்சத்தில், துணைக்கு ஒரு போர் விமானமும் கிடையாது. ஜெர்மன் போர் விமானங்களை வேறு பக்கம் இழுப்பதற்காக வடக்கு பிரான்சில் சின்னத் தாக்குதல்கள் நடத்தினார்கள். அந்தச் சண்டை முடிந்து பொமோன்-லெ-ரோஜே தளத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஜெர்மன் விமானங்களின் கண்ணில்தான் 44ஆம் ஸ்குவாட்ரனின் ஆறு லங்காஸ்டர்களும் பட்டன.

துப்பாக்கிக் கூண்டுகளை இந்த இடத்தில் கவனியுங்கள். கிட்டில் துப்பாக்கிக் குழல்கள் ரொம்ப மெல்லியதாக, அழகாக வந்திருக்கின்றன, சட்டத்திலிருந்து வெட்டும்போது கத்தியை அழுத்தினால் ஒடிந்துவிடும், சின்ன ரம்பம் நல்லது. மூக்கில் இரண்டு, மேலே இரண்டு, வாலில் நான்கு. எல்லாம் 0.303 அங்குலத் துப்பாக்கி. எதிரே வந்தவர்களிடம் 20 மில்லிமீட்டர் பீரங்கி. இவர்கள் சுட்டால் எட்டாத தூரத்தில் இருந்துகொண்டே அவர்களால் அடிக்க முடிந்தது. பெக்கெட், கிரம், சாண்ட்ஃபோர்ட், ரோட்ஸ் என்ற நான்கு பைலட்டுகளுடைய விமானமும் பிரான்சிலேயே விழுந்தன. கிரம் மட்டும் எரிந்துகொண்டிருந்த விமானத்தை வயல்வெளியில் இறக்கினார், அவரையும் சேர்த்து ஏழு பேரும் பிழைத்துப் பிடிபட்டார்கள். மற்ற மூன்று விமானங்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. ஆறில் மிச்சம் நெட்டில்டனும் ஜான் கார்வெல்லும். இந்த இடத்தில் திரும்பிப் போயிருந்தால் ஒருவரும் அவர்களைக் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள், ஆனால் இரண்டு பேரும் தொடர்ந்து போனார்கள், சாயங்காலம் எட்டு மணி வாக்கில் கூரைகளை உரசிக்கொண்டு தொழிற்சாலை மேல் குண்டு போட்டார்கள். கார்வெல் விமானம் அங்கேயே தீப்பிடித்து நகரத்துக்கு வெளியே தரையில் மோதி இறங்கியது, உள்ளே இருந்த ஏழு பேரில் நான்கு பேர் பிழைத்தார்கள். நெட்டில்டன் நள்ளிரவு தாண்டி பிளாக்பூல் பக்கத்தில் ஸ்குவயர்ஸ் கேட்டில் இறங்கினார். 44ஆம் ஸ்குவாட்ரனில் திரும்பியது அந்த ஒரே விமானம்.

குண்டு அறைக்கு ஒரு திருத்தம்: வரைபடத்தில் சொன்னபடி அறை நிறையக் குண்டு வைக்காதீர்கள். ஆக்ஸ்பர்க்குக்கு ஒவ்வொரு விமானமும் 1,000 பவுண்டுக் குண்டு நான்குதான் கொண்டு போனது, மிச்ச எடை பெட்ரோலுக்கு. அவ்வளவு தாழ்வாகப் பறந்து போட்டால் தன் குண்டே தன்னை அடித்துவிடும் என்பதால் 11 விநாடி கழித்து வெடிக்கும்படி வைத்திருந்தார்கள். கட்டிடங்கள் மேல் விழுந்தவை 17, அதில் 5 வெடிக்கவே இல்லை.

97ஆம் ஸ்குவாட்ரனைப் பற்றித் தாளில் ஒரு வரிகூட இல்லை. கொஞ்சம் பின்னால் வந்த அந்த ஆறு விமானமும் வழியில் போர் விமானங்களிடம் சிக்காமல் இலக்குவரை வந்துவிட்டன, ஆனால் அதற்குள் தரையில் இருந்த பீரங்கிகள் விழித்திருந்தன. தலைவர் ஜான் ஷெர்வுட்டின் விமானம் குண்டு போட்டபின் எரிந்து விழுந்தது, அவர் மட்டும் இருக்கையோடு வெளியே தூக்கி எறியப்பட்டு உயிர் பிழைத்தார், மற்ற எல்லோரும் இறந்தார்கள். தாமஸ் மைகாக்கின் விமானம் இலக்கை எட்டும் முன்பே தீப்பிடித்துவிட்டது. திரும்பவில்லை அவர், எரிந்தபடியே வந்து குண்டைப் போட்டார், அதன்பின் விமானம் வெடித்தது, ஏழு பேரும் போய்விட்டார்கள். எர்னஸ்ட் டெவெரில் விமானமும் எரிந்தது, உள்ளே இருந்தவர்கள் தீயை அணைத்து ஊர் கொண்டுவந்து சேர்த்தார்கள், அந்த டெவெரிலும் 1943 டிசம்பரில் பெர்லின் போய்த் திரும்பும்போது இறந்தார். ஆக மொத்தம் 12இல் 7 விமானம் அழிந்தது, 49 பேர் திரும்பவில்லை, அதில் 37 பேர் இறந்தார்கள், 12 பேர் சிறைப்பட்டார்கள். நெட்டில்டனுக்கு வீரத்துக்கான மிக உயர்ந்த பிரிட்டிஷ் விருதான விக்டோரியா கிராஸ் கிடைத்தது. அதற்குப் பிறகும் அவர் பறந்துகொண்டேதான் இருந்தார், 1943 ஜூலை 13 அன்று இத்தாலியின் டூரின் நகரத் தாக்குதலிலிருந்து திரும்பும்போது விமானத்தோடு காணாமல் போனார். கல்லறை கிடையாது, இங்கிலாந்தில் ரன்னிமீட் நினைவிடத்துச் சுவரில் பெயர் மட்டும் இருக்கிறது.

சரி, பெயின்ட். மேலே கரும்பச்சையும் மண் நிறமும், கீழே கறுப்பு. கறுப்பை நேரடியாக அடிக்காமல் கொஞ்சம் சாம்பல் கலந்து அடியுங்கள், சுத்தக் கறுப்பு அடித்தால் இந்த அளவில் கோடுகள் எல்லாம் மறைந்துவிடும். டர்பனில் கட்டுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை, ஜனவரி பிப்ரவரியில் மேட் வார்னிஷ் பக்கமே போகாதீர்கள். காற்றில் ஈரம் இருக்கும்போது அடித்தால் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். எங்கள் சாட்ஸ்வொர்த் கராஜில் மழை விட்டு வெயில் அடித்த மத்தியானமாகப் பார்த்துத்தான் அடித்தேன். கம்ப்ரஸர் வைத்து அடிப்பவர்கள் கரன்ட் போகும் நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். இறக்கையும் உடம்பும் சேரும் இடத்தில் அந்த உத்தரம் இருப்பதால் கோணம் தானாகச் சரியாக வருகிறது, புட்டி கொஞ்சம்தான் தேவைப்பட்டது. இன்ஜின் மூடிகள்தான் தொல்லை, நான்குமே முன்னால் லேசாகப் பிளந்து நின்றன, தேய்க்க வேண்டியிருந்தது. வால் சக்கர விமானம் என்பதால் மூக்கில் எடை வைக்கத் தேவையில்லை. டெக்கால் மெல்லியது, நிறம் நன்று, சுடுதண்ணீரில் போட்டால் சட்டென்று கழன்று வருகிறது. கண்ணாடிக் கூண்டுகளில் பெயின்ட் படாமல் மறைக்கும் மாஸ்கிங்கைத் தனியாக வாங்கிவிடுங்கள், அத்தனை சட்டங்களையும் டேப் வெட்டி ஒட்டுவது கண்ணுக்குக் கேடு.

அக்கா ஒருநாள் கராஜுக்கு வந்து பார்த்துவிட்டுக் கேட்டாள். "நம்ம ஆளுங்களைப் பக்கத்துலகூடச் சேர்க்காத பட்டாளம்டா அது. பெரிய தாத்தாவுக்குத் துப்பாக்கிகூடக் குடுக்கல. அவங்களுக்கு நீ ஏன் இவ்வளவு பாடுபடுற?" நியாயமான கேள்வி. எங்கள் பெரிய தாத்தா தென்னாப்பிரிக்கப் படையின் இந்திய-மலாய்ப் படைப்பிரிவில் லாரி ஓட்டினார். அந்தக் காலத்துச் சட்டப்படி நம்மவர்களுக்கு ஆயுதம் கிடையாது, சம்பளமும் வெள்ளைக்காரர்களை விடக் குறைவு, தென்னாப்பிரிக்க விமானப்படையில் பறக்கும் வேலை வெள்ளையருக்கு மட்டும்தான். லிபியாவின் டோப்ரூக் துறைமுகம் 1942 ஜூனில் எதிரி கையில் விழுந்தபோது அந்தப் படைப்பிரிவு ஆட்களும் பிடிபட்டார்கள், அவர்களை நினைக்க எந்தக் கம்பெனியும் கிட் போடவில்லை. எல்லாம் உண்மை. "அக்கா, அதையும் மறக்கக் கூடாது, இதையும் மறக்கக் கூடாது" என்றுதான் சொன்னேன். லாரி ஓட்டியவர் பெயர் எழுதப்படவில்லை என்று வருத்தப்படுகிற நான், வயர்லெஸ் மேஜையில் உட்கார்ந்து செத்த இருபது வயசுப் பையனின் பெயர் எழுதப்படாததையும் கேட்கத்தானே வேண்டும்.

குண்டு விழுந்த பக்கத்திலும் மனிதர்கள் இருந்தார்கள். அணைகள் உடைந்த வெள்ளத்தில் 1,200 பேருக்கு மேல் இறந்தார்கள், அதில் பலர் கட்டாய வேலைக்குப் பிடித்து வந்த வெளிநாட்டவர், உக்ரைன் பக்கத்துப் பெண்கள் நிறையப் பேர். தாளில் அதையும் ஒரு வரி போட்டிருக்கலாம். ஆக்ஸ்பர்க்கில் அத்தனை உயிர் கொடுத்தும் இன்ஜின் உற்பத்தி பெரிதாக நிற்கவில்லை, அந்த இலக்கைத் தேர்ந்தெடுத்தது சரியா என்று அப்போதே லண்டனில் சண்டை நடந்தது. போனவர்கள் அந்தச் சண்டையில் கிடையாது. போகச் சொன்னார்கள், போனார்கள்.

டர்பன்காரர்களுக்கு இன்னொரு பெயரும் ஞாபகம் வரும், எட்வின் ஸ்வேல்ஸ். இனாண்டாவில் பிறந்து டர்பன் ஹை ஸ்கூலில் படித்தவர். அவர் பெயரில் இருந்த சாலைதான் இப்போது சாலமன் மஹ்லாங்கு டிரைவ். மாற்றியதில் எனக்குக் குறையில்லை, நிறவெறி ஆட்சியை எதிர்த்த மஹ்லாங்குவை 22 வயசில் தூக்கில் போட்டார்கள், அந்தப் பெயர் ஒரு சாலையில் இருக்கத்தான் வேண்டும். ஆனால் ஸ்வேல்ஸ் யார் என்பதும் தெரிந்திருக்கட்டும். 1945 பிப்ரவரி 23 இரவு ஜெர்மனியின் ஃபோர்ட்ஸ்ஹைம் நகரத் தாக்குதலை வழிநடத்திய அவருடைய லங்காஸ்டர் அடிபட்டு, இன்ஜின்கள் போய், கட்டுப்பாடு இழந்த நிலையில், கூட இருந்த அத்தனை பேரும் குதித்து முடிக்கும்வரை விமானத்தை நிலையாகப் பிடித்துக்கொண்டிருந்தார். எல்லோரும் பிழைத்தார்கள், அவர் விமானத்தோடு போனார், வயது 29. அந்த ஒரே இரவில் ஃபோர்ட்ஸ்ஹைமில் 17,000 பேருக்கு மேல் மாண்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஸ்வேல்ஸ் விமானத்துக்கு இந்தக் கிட்டில் டெக்கால் இல்லை.

வாங்கிய விவரம்: ஜோஹன்னஸ்பர்க் கடை ஒன்றில் ஆன்லைனில் எடுத்தேன், கூரியர் செலவோடு ஆயிரம் ரேண்டைத் தாண்டியது. பெட்டி ஒரு மூலை நசுங்கி வந்து, பைலட் கூண்டின் கண்ணாடி கீறல் விட்டிருந்தது. படம் எடுத்து அனுப்பினேன், பேச்சு வார்த்தை இல்லாமல் புதுக் கண்ணாடி அனுப்பினார்கள். இதைப் பாராட்டுகிறேன். டர்பனிலேயே கிடைத்தால் நேரில் பார்த்து வாங்குவது உத்தமம்.

பெயர்கள் வேண்டுமென்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். இறந்த தேதி 1942 ஏப்ரல் 17, படை ராயல் ஏர் ஃபோர்ஸ் என்று போட்டால் ஒரு பட்டியல் வரும். அன்றைக்கு வேறு இடங்களில் இறந்தவர்களும் அதில் கலந்திருப்பார்கள், அதனால் 44, 97 என்ற ஸ்குவாட்ரன் எண்ணைப் பார்த்துப் பிரிக்க வேண்டும். பலருக்கு வயதும் அப்பா அம்மா பெயரும் இருக்கும். நான் பிரித்தெடுத்த பெயர்களை அக்காதான் தன் கையெழுத்தில் தமிழில் எழுதிக் கொடுத்தாள், விமானம் நிற்கும் பலகையின் அடிப்பக்கம் ஒட்டியிருக்கிறேன். கம்பெனி அடுத்த முறை அச்சடிக்கும்போது நான்கு பொம்மை கூடுதலாகவும் பெயர்த் தாள் ஒன்றும் சேர்த்தால் விலையை ஐம்பது ரேண்ட் ஏற்றினாலும் வாங்குவேன், இதையே அவர்களுக்கும் எழுதியிருக்கிறேன்.

பெட்டியில் எட்டு வயது முதல் என்று போட்டிருக்கிறது. துப்பாக்கிக் குழல்களையும் கண்ணாடிக் கூண்டுகளையும் பார்த்தால் பன்னிரண்டுக்குக் கீழே இருப்பவர்கள் பெரியவர் ஒருவரோடு சேர்ந்து கட்டுவது நல்லது.